சீன மொழிப் பாடநூல் ஐந்தாம் பாடத்திலேயே நின்றுபோனால் என்ன செய்வது?

“ஆறு மாதமாகத் தனியாகச் சீன மொழி படிக்கிறேன். பெய்ஜிங்கில் அச்சான ‘ஹன்யூ ஜியாவ்செங்’ கையில் இருக்கிறது. ஐந்தாம் பாடத்தைத் தாண்ட முடியவில்லை. வேறு புத்தகத்துக்கு மாறலாமா? பாடத்திட்டம் என்று எதைப் பின்பற்றுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறுவதற்கு முன்னால் அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்துவிடுவோம். யாங் ஜிசோ தயாரித்து 1999-ல் வெளிவந்த பாடநூல் அது. மூன்று பாகம், பாகத்துக்கு இரண்டு புத்தகம். பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவரின் முதலாண்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த மாணவருக்கு வாரத்தில் சுமார் 20 மணி நேரம் வகுப்பு. அந்த 20 மணி நேரத்தில் இந்தப் புத்தகத்துக்குரியது ஒரு பங்குதான். ‘ஒருங்கிணைந்த பாடம்’ என்று அதற்குப் பெயர். கேட்பதற்கு வேறு புத்தகம், பேசுவதற்கு வேறு புத்தகம், வாசிப்புக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் வேறு ஆசிரியர். காலையில் ஒருங்கிணைந்த பாடத்தில் பார்த்த சொல் பதினொரு மணிக்குக் கேட்கும் வகுப்பில் திரும்ப வரும். மதியம் உணவுக்கூடத்தில் தட்டை நீட்டும்போது பரிமாறுகிறவர் வாயிலிருந்தும் வரும். அதனால் இந்தப் புத்தகம் ஒரு சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மீதியைச் சுற்றியிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதற்கு.

நீங்கள் வாங்கியது அந்த ஏற்பாட்டிலிருந்து தனியே எடுத்த ஒரு துண்டு. பெய்ஜிங்கில் ஓராண்டு அதே புத்தகத்தோடு உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கே அது நன்றாக ஓடியது. ஊருக்கு வந்து, வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் வருகிறவர்களுக்கு அதையே நடத்திப் பார்த்தேன். ஐந்தாம் ஆறாம் பாடத்திலேயே எல்லோரும் களைத்துப்போனார்கள். நீங்கள் நிற்கும் அதே இடம்தான்.

இந்தப் பாடநூல்களின் பரம்பரை தெரிந்தால் அவற்றின் குணமும் புரியும். 1950-ல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த 33 மாணவர்களுக்கென்று ஒரு தனி வகுப்பு தொடங்கினார்கள். புதிய சீனாவில் வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிப்பது அங்கிருந்துதான் ஆரம்பம். மொழி கற்று முடித்ததும் சீனப் பல்கலைக்கழகங்களில் பாடம் படிக்கப் போக வேண்டியவர்கள் அவர்கள். அதனால் இலக்கணம் முறையாக, படிப்படியாகத் தேவைப்பட்டது. பெய்ஜிங் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தயாரித்து 1958-ல் வெளிவந்த பாடநூல் அந்த இலக்கண வரிசைக்கு ஓர் அடித்தளம் போட்டது. பின்னால் வந்த எத்தனையோ நூல்கள் அதே அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. அதே 1958-ல்தான் பின்யின் என்ற ரோமன் எழுத்துமுறைக்கும் சீன அரசு ஒப்புதல் கொடுத்தது.

1981-ல் வந்த ‘நடைமுறைச் சீனப் பாடநூல்’ ஒரு நல்ல காரியம் செய்தது. இலக்கண வரிசையை விடாமல் அதற்குள் ஒரு கதையை ஓட்டியது. கூபோ, பலங்கா என்ற இரண்டு வெளிநாட்டு மாணவர்கள், டிங் யுன் என்ற சீனத் தோழி. உலகம் முழுக்க ஒரு தலைமுறை இவர்களோடுதான் சீனம் படித்தது. 2002-ல் அதன் புதிய பதிப்பு வந்தபோது கதாநாயகன் டிங் லிபோ என்ற கனடா மாணவன். அவன் அப்பா யார் தெரியுமா? கூபோ. அம்மா டிங் யுன். பழைய புத்தகத்தில் படித்து, பிறகு ஆசிரியர் ஆனவர்கள் புதிய புத்தகத்தைப் பிரித்து இதைப் பார்த்தபோது எப்படி மகிழ்ந்திருப்பார்கள்! பாடநூல் எழுதுகிறவர்கள் மாணவர்மேல் வைத்த அன்பு என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கதையோடு கற்பிப்பது புது யோசனையும் இல்லை. கொரியர்கள் சீனம் கற்க 14-ம் நூற்றாண்டிலேயே ‘லாவ் சிதா’ என்ற உரையாடல் நூல் வைத்திருந்தார்கள். குதிரையும் சணல் துணியும் ஜின்செங் வேரும் விற்க பெய்ஜிங் போகும் வியாபாரிகளின் வழிப்பேச்சு அது. “அண்ணே, எங்கிருந்து வர்றீங்க?” என்றுதான் தொடங்குகிறது. விலை பேசுவது, சத்திரத்தில் இடம் கேட்பது, குதிரைக்குத் தீனி கேட்பது போல எல்லாம் வியாபாரிக்கு வேண்டிய பேச்சு. சீனப் பேச்சு மாற மாற, பிந்திய நூற்றாண்டுகளில் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். யாருக்கு, எதற்கு என்பது தெளிவாக இருந்ததால் அந்த நூல் அத்தனை காலம் நின்றது.

சரி, உங்கள் புத்தகத்தின் முதல் பாடத்துக்கு வருவோம். முதல் சொல் ‘நி ஹாவ்’. வணக்கம். பார்க்க எளிதுதான். ஆனால் ‘நி’க்கும் ‘ஹாவ்’க்கும் தனித்தனியாக மூன்றாம் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களில் மூன்றாவது. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறும் என்பது விதி. ஆக, விதியைக் கற்பதற்கு முன்பே அதன் மாற்றத்தைச் சந்தித்துவிடுகிறோம். போதாததற்கு, புத்தகத்தில் மூன்றாம் தொனியை ஒரு பள்ளம்போல் வரைந்திருப்பார்கள், இறங்கி மறுபடி ஏறும் கோடாக. தனியாக ஒரு சொல்லை நிறுத்திச் சொன்னால்தான் அந்த ஏற்றம் கேட்கும். வாக்கியத்துக்குள் அது பெரும்பாலும் வெறும் தாழ்ந்த குரல். படத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் குரலை வளைத்து வளைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், மூச்சு வாங்கும். ‘தாழ்த்து, அங்கேயே நிறுத்து’ என்று சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் சரியாகும்.

எழுத்தின் பக்கம் இன்னும் சிரமம். ‘நி’ எழுத 7 கோடு, ‘ஹாவ்’ எழுத 6 கோடு. அடுத்து வரும் ‘ஷியெ ஷியெ’, அதாவது நன்றி, ஒவ்வொன்றுக்கும் 12 கோடு, ஆக 24. ஆனால் மனிதன் என்ற எழுத்துக்கு 2 கோடு, வாய்க்கும் மலைக்கும் 3, மரத்துக்கு 4. பேச்சில் முதலில் வேண்டியது எழுத்தில் கடினம், எழுத்தில் எளியது முதல் நாள் பேச்சில் வேண்டாதது. சீனப் பாடத்திட்டம் எழுதுகிற எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இதுதான். ‘அம்மா, ஆடு’ என்று தொடங்கும் நமக்கு இந்தச் சிக்கல் புதிது. நம் எழுத்தைக் கற்றால் பேச்சை அப்படியே எழுதிவிடலாம், சீனத்தில் அந்த வசதி கிடையாது.

இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். சீனாவின் பெரும்பாலான நூல்கள் பேச்சையும் எழுத்தையும் ஒன்றாகவே ஓட்டுகின்றன, பேசும் எதையும் எழுதவும் வேண்டும். அமெரிக்காவில் ஜான் டிஃப்ரான்சிஸ் 1960-களில் வேறு மாதிரி செய்தார். பின்யினில் மட்டும் ஒரு பேச்சுப் புத்தகம், அதற்கு இணையாக எழுத்துக்கு இன்னொரு புத்தகம். பிரான்சில் ஜோயெல் பெலாசென் 1989-ல் மூன்றாவது வழியைத் திறந்தார். சொல்லை விட்டு எழுத்தையே அடிப்படையாக வைத்து, அடிக்கடி வரும் 400 எழுத்துகளைத் தேர்ந்து, அவற்றால் எத்தனை சொல் கட்டலாம் என்று பாடத்தைப் பின்னினார். எழுத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றால் பாரம் எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் உதாரணம்: அம்மா என்ற எழுத்தில் இடப்பக்கம் ‘பெண்’, வலப்பக்கம் ‘குதிரை’. பெண் பொருளைச் சொல்கிறது. குதிரைக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை, அதன் ஒலி ‘மா’, அவ்வளவுதான். கேள்வி விகுதியான ‘மா’விலும் அதே குதிரைதான், பக்கத்தில் ‘வாய்’. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பொருள் ஒரு பாதி, ஒலி ஒரு பாதியாக அமைந்தவை. உங்கள் புத்தகம் முதல் பாடங்களில் இதை உட்கார்ந்து விளக்குவதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனிப் படமாக மனப்பாடம் செய்து ஐந்தாம் பாடத்தில் திணறுவது அதனால்தான்.

என் முடிவு இது: தனியாகப் படிக்கிறவர் முதல் சில மாதம் பேச்சையும் எழுத்தையும் பிரித்துவிட வேண்டும். பேச்சு பின்யினில் வேகமாக ஓடட்டும். எழுத்து 2 கோடு, 3 கோடு என்று தன் வரிசையில் மெதுவாக வரட்டும். இரண்டும் தானாகச் சந்திக்கும்.

அப்புறம் பாடத்திட்டம். இன்று உலகம் முழுக்கப் பாடத்திட்டம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் எச்எஸ்கே, அதாவது வெளிநாட்டவரின் சீன மொழித் திறனை அளக்கச் சீனா நடத்தும் தேர்வின் சொற்பட்டியல். 2010 வாக்கில் வந்த ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொல், பிறகு 300, 600, 1200, 2500, கடைசியில் 5000. 2021-ல் வெளியான புதிய தரநிலை இதை ஒன்பது நிலையாக விரித்தது. முதல் நிலைக்கே 500 சொல், 300 எழுத்து. மேலே போகப் போக 11,092 சொல், 3,000 எழுத்து. அதில் நான் மிகவும் வரவேற்கும் ஒரு விஷயம், வாசிக்க வேண்டிய எழுத்தையும் கையால் எழுத வேண்டிய எழுத்தையும் பிரித்தது. 3,000 எழுத்தை அடையாளம் காண வேண்டும், ஆனால் கையால் எழுத வேண்டியது 1,200தான். எல்லோரும் கைபேசியில் பின்யின் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் காலத்தில் இது நேர்மையான முடிவு.

பட்டியலைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. ஆறு நிலை முறையில் முதல் இரண்டு நிலைகளுக்குக் கேட்பதும் வாசிப்பதும் மட்டுமே, எழுத்துக்கு மேலே பின்யினும் அச்சிட்டிருப்பார்கள். பேச்சுக்குத் தனித் தேர்வு. சில வருடம் முன்பு ஒரு மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதத்தில் இரண்டாம் நிலை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பழைய வினாத்தாள்களைத் தவிர வேறெதையும் நடத்த விடவில்லை. ஒரு பெண் 200-க்கு 190-க்கு மேல் வாங்கினாள். மறு வாரம் ஒரு கண்காட்சியில் சீனர் ஒருவர் “எந்த ஊர்?” என்று கேட்க, அவள் வாயடைத்து நின்றாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் ஏமாற்றப்பட்டிருந்தாள், அதில் எனக்கும் பங்கு இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, அதே தேர்வை ஒட்டி 2014 முதல் வந்த ‘எச்எஸ்கே தரப் பாடநூல்’ வரிசையைத் தனியாகப் படிக்கிறவர்களுக்கு நான்தான் சிபாரிசும் செய்கிறேன். காரணம், பாடம் சின்னது, உரையாடல் மூன்று நான்கு வரி, சொல் திரும்பத் திரும்ப வரும். முதல் நிலைப் புத்தகம் 15 பாடத்தில் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற தெம்பு தனியாகப் படிக்கிறவருக்கு மிகவும் வேண்டியது. உங்கள் ‘ஹன்யூ ஜியாவ்செங்’கைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வரிசையில் மூன்றாம் நிலை வந்ததும் அதை எடுத்து இலக்கணக் குறிப்புகளை மட்டும் வாசியுங்கள், அப்போது இனிக்கும். தைவான்காரர்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் மட்டும் 2015-ல் வெளிவரத் தொடங்கிய தைவானின் ‘தற்காலச் சீனப் பாடம்’ வரிசையைப் பார்க்கலாம். அது எளிமைப்படுத்தாத பழைய முழு எழுத்தில் இருக்கும்.

இப்போது மனத்தில் ரொம்ப நாளாக இருப்பதைச் சொல்கிறேன். இந்த நூல்கள் எல்லாமே நம் கைக்கு ஆங்கிலக் குறிப்போடுதான் வருகின்றன. அந்த ஆங்கிலம் நமக்குச் சுற்றுவழி. பல இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி தூரம்.

ஒலியிலிருந்து பார்ப்போம். பின்யினில் ‘பி’ என்ற ரோமன் எழுத்து, அதாவது ஏ-க்கு அடுத்த எழுத்து, வந்தால் நாம் ஆங்கிலப் பழக்கத்தில் ‘பந்து’ என்ற சொல்லை வடமொழி மாதிரி அதிர்த்துச் சொல்வதுபோல் சொல்கிறோம். சீனத்தில் அது அதிராத ஒலி. ‘பாட்டு’, ‘பல்’ என்று சொல்லின் முதலில் நாம் சொல்லும் சுத்தமான ‘ப’வேதான். ‘கல்’லில் வரும் ‘க’வும், ‘தலை’யில் வரும் ‘த’வும் அப்படியே பொருந்தும். நமக்குப் புதியது அதன் ஜோடி, காற்றை ஊதிச் சொல்லும் ‘ப்ஹ’. ஒரு துண்டுத் தாளை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். முதலாவதில் தாள் அசையக்கூடாது, இரண்டாவதில் படபடக்க வேண்டும். ஐந்து நிமிடப் பயிற்சி, பத்து வருடம் உதவும்.

இன்னொன்று தமிழருக்கே உரிய பொறி. ‘ழ’வை ரோமன் எழுத்தில் இசட்-எச் என்று எழுதிப் பழகியவர்கள் நாம். பின்யினிலும் இசட்-எச் உண்டு, சீனா என்ற நாட்டுப் பெயரே அதில்தான் தொடங்குகிறது. என் வகுப்பில் யாராவது ஒருவர் அதை ‘ழோங்குவோ’ என்று வாசிக்காத வருடமே இல்லை. அது நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு ‘ச்ச’. நம் ‘ழ’ இருக்கும் இடம் பின்யினின் ஆர். மனிதன் என்பதற்கான ‘ரென்’னை ‘ழென்’ என்று சொல்லிப் பாருங்கள், சீனர் முகம் மலரும். ஐரோப்பியர் மாதக்கணக்கில் போராடும் ஒலி நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

இலக்கணத்தில் இன்னும் கூடுதல். “நான் நேற்று வாங்கிய புத்தகம்” என்பதைச் சீனத்தில் ‘வோ சுவோதியென் மாய் த ஷூ’ என்பார்கள். வோ, நான். சுவோதியென், நேற்று. மாய் த, வாங்கிய. ஷூ, புத்தகம். வரிசை அப்படியே நம்முடையது! ஆங்கிலக் குறிப்பு இதற்கு முக்கால் பக்கம் எழுதி, வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லும். “நாளைக்கு வீட்டில் படிக்கிறேன்” என்பதில் நாள், இடம், வினை என்ற வரிசையும் சீன வரிசைதான். ‘ஸான்மென்’, ‘வோமென்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போட்டிருப்பார்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘ஸான்மென்’ நம்முடைய ‘நாம்’. ‘வோமென்’ முக்கியமாக ‘நாங்கள்’, சில நேரம் இரண்டுக்கும் வரும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல் இருப்பதை நமக்கு விளக்கவே வேண்டாம்.

மாணவர் பயப்படும் ‘பா’ வாக்கியத்தை எடுங்கள். “கதவைச் சாத்திவிட்டேன்” என்பது ‘வோ பா மென் குவான்ஷாங் ல’. மென் என்றால் கதவு. செயப்படுபொருளை வினைக்கு முன்னால் கொண்டுவந்து ‘பா’ போடுகிறார்கள், நாம் பின்னால் ‘ஐ’ போடுகிறோம். “புத்தகம் வாங்கினேன்”, “புத்தகத்தை வாங்கினேன்” இரண்டுக்கும் நமக்கு வேறுபாடு தெரிகிறதல்லவா? இன்ன புத்தகம் என்ற குறிப்பு இரண்டாவதில் இருக்கிறது. ‘பா’வுக்கும் அந்தக் குறிப்பு வேண்டும். முழுக்க ஒன்றில்லை. “அவரைத் தெரியும்” என்பதில் நமக்கு ‘ஐ’ வரும், சீனத்தில் ‘பா’ வராது, ஏனென்றால் பொருளுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நாம் வாசல்படியில் நிற்கிறோம், ஆங்கிலம் வழியாக வருகிறவர் தெருமுனையில் நிற்கிறார்.

திருப்பூரில் நிட்டிங் மெஷின் மாட்ட வந்த சீனப் பொறியாளருக்கு மொழிபெயர்க்கப் போனபோதுதான் இது எனக்கு முழுதாக உறைத்தது. அவர் போல்ட்டைக் காட்டி ‘நிங் ஜின்’ என்றார். நிங் என்றால் திருகு, ஜின் என்றால் இறுக்கம். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணன், நான் வாய் திறப்பதற்குள், “திருகி இறுக்கச் சொல்றாரா?” என்றார். மாட்டி முடித்ததும் பொறியாளர் ‘சுவாங் ஹாவ் ல’ என்றார். மாட்டியாச்சு. வினையும் அதன் விளைவும் சேர்ந்து வரும் இந்த அமைப்பைப் பாடநூல்கள் வெகு தள்ளி வைத்திருக்கின்றன, ஆனால் பட்டறையில் முதல் மணி நேரத்திலேயே அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த ‘ல’வையும் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து இறந்தகாலம் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். புறப்படுமுன் சீனர் ‘வோ ஸோ ல’ என்பார். நாமும் செருப்பு மாட்டும்போதே “சரி, கிளம்பிட்டேன்” என்கிறோமே, அதுதான் அது.

நம்மை உண்மையில் படுத்துவது தொனியும், எண்ணிக்கையோடு வந்து பொருளுக்குப் பொருள் மாறும் அளவைச் சொற்களும். அளவைச் சொல்லுக்கு ‘மூன்று பேர்’ என்பதில் வரும் ‘பேர்’ ஒரு சின்னப் பிடி. தொனிக்கு அப்படி எதுவும் கிடையாது, காதால் கேட்டுத்தான் வர வேண்டும்.

எனவே நாளையிலிருந்து இப்படிச் செய்யுங்கள். நான்கு வாரம் புத்தகத்தை மூடிவைத்து ஒலி மட்டும். தொனியை விட்டுப் பார்த்தால் சீனத்தில் இருப்பது சுமார் 400 அசைதான், ஒரே அட்டவணையில் அடங்கும். ஒலிப்பதிவைக் கேட்டு, கூடவே சொல்லி, கைபேசியில் உங்கள் குரலைப் பதிந்து ஒப்பிடுங்கள். ஐந்தாம் வாரம் எச்எஸ்கே தரப் பாடநூலின் முதல் புத்தகம், வாரத்துக்கு ஒரு பாடம், பின்யினில். தினமும் தனியாக மூன்று எழுத்து, கோடு குறைந்ததிலிருந்து. ஓரத்தில் இருக்கும் ஆங்கில விளக்கத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே பென்சிலால் தமிழை எழுதுங்கள், சொல்லுக்குச் சொல் அல்ல, வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. பதினைந்தாம் பாடம் முடிந்ததும் எழுதுங்கள். உங்கள் வேலை என்ன, யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் தாண்டலாம், எதைத் தாண்டக்கூடாது என்று குறித்துத் தருகிறேன்.